மூளைக்கு ரெண்டு பாகம்: ஷார்ஜாவில் உட்கார்ந்து ஏ.கே.ராமானுஜனைப் படித்தபோது

போன ஆயுத பூஜைக்கு வழக்கம்போல லேப்டாப்பைத் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, பக்கத்தில் கார் சாவி, மனைவியின் தையல் கத்தரிக்கோல், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தோம். பொரி கடலை கராமாவில் வாங்கியது. மகளுக்கு ஒன்பது வயசு, இங்கேயே பிறந்தவள். லேப்டாப்பை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, இது உங்க கம்பெனி லேப்டாப்தானே? பொட்டு வைக்க அவங்ககிட்ட பெர்மிஷன் கேட்டீங்களா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. "சாமி கும்பிடும்போது கேள்வி கேட்காதே" என்று என் அப்பா சொன்னதையே நானும் சொல்லித் தப்பித்தேன்.

அந்த வாரம் ஆபீஸில் ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தார். அசெட் ஸ்டிக்கரின் பார்கோடு ஸ்கேன் ஆகவில்லை, அதன்மேல் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் சர்வர் ரூமுக்கும் சேர்த்து வை, அடிக்கடி டவுன் ஆகுது" என்றார். அன்று மதியமே ஒரு மீட்டிங்கில், டேட்டா இல்லாமல் எதையும் நம்பக்கூடாது என்று ஜூனியர் பையன் ஒருவனுக்கு நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை முரண்பாடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. ஏனென்றால் இதே முரண்பாட்டை வைத்து ஒருவர் எழுதிய கட்டுரையை 2020 ஊரடங்கில் நண்பர் ஒருவர் பிடிஎஃப்-ஆக அனுப்பினார். அதில் டைப்ரைட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நம் ஊரில் ஆயுத பூஜை போடுவதைப் பற்றியே ஒரு வரி வருகிறது. எழுதியவர் ஏ.கே.ராமானுஜன். கட்டுரை வெளியான வருஷம் 1989. இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என்பதுதான் தலைப்பிலேயே உள்ள கேள்வி.

ராமானுஜன் என்றதும் கணக்கு ராமானுஜனை நினைத்துக்கொள்ள வேண்டாம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இவர் 1929-ல் மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். கொல்லம், பெல்காம், பரோடா என்று பல ஊர்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அப்புறம் அமெரிக்கா போய் மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கி, 1962 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1993-ல் அங்கேயே இறந்தார். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை எழுதினார். குறுந்தொகைப் பாடல்களையும் நம்மாழ்வாரையும் கன்னட வசனங்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். சங்க இலக்கியத்தை உலகம் இன்று கவிதையாகப் படிக்கிறது என்றால் அதில் பெரும்பங்கு இவருடையது. அந்த வீட்டில் மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே சமையலறையில் அம்மாவோடு தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம். நம் பிள்ளைகளுக்கு இது புதுசில்லை. என் மகளுக்கு லிப்டில் ஹிந்தி, ஸ்கூலில் ஆங்கிலம், வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் தமிழ்.

அவருடைய அப்பா கணிதப் பேராசிரியர், வானியலும் தெரிந்தவர். அதே அளவுக்கு ஜோசியமும் தெரிந்தவர். பஞ்சகச்ச வேட்டிக்கு மேலே இங்கிலீஷ் கோட்டும் டையும் போட்டுக்கொள்வார். நெற்றியில் நாமம், காலில் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. ஆனால் வீட்டின் உள்கட்டுக்குள் நுழையும் முன் ஷூவைக் கழற்றிவிடுவார். பார்க்க வருபவர்களும் ரெண்டு வகை. வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் ஒரு பக்கம், சால்வை போர்த்திய பண்டிதர்கள் ஒரு பக்கம்.

மகன் அப்போது பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைப் படித்துவிட்டு அறிவியல் பார்வையில் சூடாக இருந்த வயது. கிரகங்கள் ஒன்பது என்று ஜோசியம் சொல்கிறது, நெப்டியூனையும் புளூட்டோவையும் கண்டுபிடித்துவிட்டார்களே, உங்கள் கணக்கு என்ன ஆவது என்று கேட்கிறார். தேவையான திருத்தம் செய்துகொண்டால் ஆச்சு என்கிறார் அப்பா. காலையில் குளித்து நாமம் போட்டுக் கீதை படிக்கிறீர்கள், மாலையில் ரஸ்ஸலைப் புகழ்கிறீர்கள், எப்படி என்று கேட்டால், கீதை உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மாதிரி ஒரு பழக்கம், அதோடு மூளைக்கு ரெண்டு பாகம் இருப்பது தெரியாதா என்கிறார்.

மற்றவர்களாக இருந்தால் இதை வேடிக்கையான அப்பா கதையாக விட்டிருப்பார்கள். ராமானுஜன் விடவில்லை. அப்பா குழம்பிப்போனவரும் இல்லை, ஏமாற்றுபவரும் இல்லை, அவர் வேறொரு இலக்கணத்தில் யோசிக்கிறார் என்று முடிவுக்கு வருகிறார். அந்த இலக்கணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயரைப் பார்த்ததும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அரியர் வைத்த பாடம்

இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு 'தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்' என்ற பேப்பர் ஞாபகம் இருக்கும். எனக்கு நன்றாகவே இருக்கிறது, அரியர் வைத்து எழுதினேன். அதில் சாம்ஸ்கி 1950-களில் வகுத்த இலக்கண வகைகள் வரும். கான்டெக்ஸ்ட் ஃப்ரீ கிராமர் என்பது ஒன்று. அதில் ஒரு குறியை இன்னொன்றாக மாற்றலாம் என்று விதி இருந்தால், முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்க்க வேண்டியதில்லை. எங்கே இருந்தாலும் ஒரே விதி. கான்டெக்ஸ்ட் சென்சிடிவ் கிராமர் என்பது இன்னொன்று. அதில் அக்கம்பக்கம் பார்த்துத்தான் விதி வேலை செய்யும். நாம் எழுதும் புரோகிராமிங் மொழிகளின் இலக்கணம் பெரும்பாலும் முதல் வகையை ஒட்டியது. பிறகு நேர்காணலில்கூட யாரும் இதைக் கேட்கவில்லை, மறந்துவிட்டேன்.

மொழியியல்காரரான ராமானுஜன் இந்தச் சொற்களைத்தான் கலாச்சாரத்துக்குக் கொண்டுவருகிறார். சில சமூகங்கள் சூழல் சாராத விதியை லட்சியமாக வைத்துக்கொள்கின்றன, சில சூழல் சார்ந்த விதியை விரும்புகின்றன, இந்தியா ரெண்டாவது வகை என்கிறார். உதாரணத்துக்குக் காண்ட்டையும் மனுவையும் பக்கத்தில் வைக்கிறார். உன் செயலுக்கான விதி எல்லோருக்கும் பொருந்துமா என்று பார் என்பது காண்ட். மனுவில் ஒருவன் பிராமணனை ஏசினால் என்ன தண்டனை என்பது ஏசியவன் யார் என்பதைப் பொறுத்தது. சத்திரியனுக்கும் வைசியனுக்கும் அபராதம், அதிலும் தொகை வேறு. சூத்திரனுக்கு உடம்பில் தண்டனை. பொய், ஏச்சு, உணவு, நேரம் எதுவுமே தனியாக நல்லதோ கெட்டதோ இல்லை. யார், எப்போது, எங்கே என்று கேட்டபிறகுதான் பதில். ராகத்துக்கு வேளை, வீட்டுக்கு வாஸ்து, நாளுக்கு ராகு காலம்.

இதற்கு அவர் காட்டும் அழகான உதாரணம் நம் திணை. காதலைப் பொதுவாகப் பாடுவதில்லை. கூடல் என்றால் மலை, காத்திருத்தல் என்றால் காடு, ஊடல் என்றால் வயல், ஏங்கல் என்றால் கடற்கரை, பிரிவு என்றால் பாலை. பூவும் பறவையும் பொழுதும் சேர்ந்துதான் மனசு. மனசை நிலத்திலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பது அந்தக் கவிஞர்களின் நம்பிக்கை. 1967-ல் வந்த தன் குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு உள்ளே இருக்கும் நிலக்காட்சி என்று பொருள்படும்படி அவர் பெயர் வைத்ததும் இதனால்தான். அகம் என்ற ஒரே சொல்லுக்கு வீடு, மனம், உள்ளே என்று எல்லாப் பொருளும் இருக்கிறதே.

நாலாயிரம் திர்ஹம் அகம்

பாலை என்பது தனியாக ஒரு நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்தால் பாலை ஆகிவிடும் என்பது சிலப்பதிகாரம் சொல்வது. தமிழ்நாட்டில் இருந்தவரை இது எனக்குப் பரீட்சைக்கான தகவல். இங்கே வந்தபிறகு தகவலாகத் தெரியவில்லை.

எங்கள் பில்டிங்குக்கு ஏசி ரிப்பேருக்கு வரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பரமக்குடிப் பக்கம். 19 வருஷமாக இங்கே. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு மாசம் லீவ். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கணக்குப் போட்டார்: "ஒம்பது தடவ ஊருக்குப் போயிருக்கேன் தம்பி. ரெண்டு ரெண்டு மாசம்னு வச்சா பதினெட்டு மாசம். கல்யாணம் ஆகி பத்தொம்பது வருஷம்னு சொல்லிக்கிறோம், வாழ்ந்தது ஒன்றர வருஷம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மூணு பிள்ளைகளுக்கு அப்பாவான அவருக்கு இங்கே பெயர் 'பேச்சிலர்'. வளைகுடாவில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம், மனைவி கூட இல்லாதவன் பேச்சிலர். ஃபேமிலி ஏரியாவில் அவருக்கு ரூம் கிடைக்காது. பெட் ஸ்பேஸில் கட்டிலைச் சுற்றி ஒரு திரைச்சீலை தொங்கும். அவருடைய அகம் அவ்வளவுதான்.

பொருள் தேடிப் பிரிவதைத் தொல்காப்பியம் ஒரு பிரிவாகவே கணக்கில் வைத்திருக்கிறது. கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துப்போகும் வழக்கம் இல்லை என்றும் ஒரு நூற்பா உண்டு. அந்தக் காலத்து ஆசாரம் என்று கல்லூரியில் யாரோ கிண்டலடித்தார்கள். இங்கே குடும்பத்துக்கு விசா எடுக்கச் சம்பளம் மாதம் 4,000 திர்ஹம் இருக்க வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். அதற்குக் கீழே இருப்பவருக்கு அந்த நூற்பா இன்றும் அமலில் இருக்கிறது.

எனக்கு நாலாயிரத்துக்கு மேலே. அதனால் என் மனைவி இங்கே இருக்கிறார், அந்த அண்ணனின் மனைவி பரமக்குடியில். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். அந்த ரெண்டரை மணி நேரத்தில் சைட்டில் நிழலில் சாய்ந்துகொண்டு ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக்கு வீடியோ கால் போடுகிறார்கள். பாலைக்குப் பொழுது நண்பகல் என்று இலக்கணத்தில் எழுதியவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று யோசிப்பேன்.

ராமானுஜன் வளைகுடாவைப் பற்றி எழுதியதாக நான் பார்த்ததில்லை. ஆனால் சூழல் சார்ந்த விதி என்றால் என்ன என்று புரிய இந்த ஊரைவிட நல்ல பாடநூல் கிடையாது. என்ன பாஸ்போர்ட், என்ன விசா, என்ன சம்பளம், ஃபேமிலியா பேச்சிலரா என்பதைப் பார்த்துத்தான் எந்த வாசல் திறக்கும் என்பது தீர்மானமாகிறது. நாமும் சீக்கிரம் பழகிவிடுகிறோம். ஊரிலேயே பழகிய விஷயம்தானே.

அப்பா பெயரில் அழைக்கிறார்கள்

நவீனமாவது என்றால் இந்தியாவில் சூழலைக் கழற்றிவிடுவது என்று கட்டுரையில் ஓர் இடத்தில் சொல்கிறார். காந்தி இடுப்பில் கட்டியிருந்த கடிகாரம் பஞ்சாங்கத்தின் இடத்துக்கு வந்தது. அச்சுப் புத்தகம் சாதி பார்க்காமல் எல்லோர் கைக்கும் போனது. திருப்பதியில் விடிகாலையில் மட்டும் ஒலித்த சுப்ரபாதத்தை எம்.எஸ். ரெக்கார்டில் பாடியபிறகு ரேடியோ வைத்திருக்கும் எல்லோரையும் அது எழுப்பியது. அரசியலமைப்புச் சட்டம் பிறப்பு, மதம், பால் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்தது, மனுவைக் கவிழ்த்தது. ஆனாலும் சண்டை திரும்பத் திரும்ப நடக்கிறது என்றும் சேர்த்தே எழுதுகிறார்.

அதே இடத்தில் பெயர்களைப் பற்றியும் வருகிறது. பழைய பெயர்கள் ஊர், அப்பா, சாதி எல்லாவற்றையும் சொல்லிவிடும், புதுப் பெயர்கள் எதையும் சொல்வதில்லை என்று சொல்லிவிட்டு, கேரளக் கல்லூரி ஒன்றின் வருகைப் பதிவேட்டில் மூன்று ஜோசப் ஸ்டாலினையும் ஒரு கார்ல் மார்க்ஸையும் பார்த்ததாக எழுதுகிறார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான சமாச்சாரம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னது. அதன் விளைவுதான் என் பாஸ்போர்ட். ஒரு பெயர், ஓர் இனிஷியல். என் தாத்தா பெயருக்குப் பின்னால் இருந்தது என் பெயருக்குப் பின்னால் இல்லை.

ஆனால் வளைகுடா ஃபார்ம்களில் 'சர்நேம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று அப்புறம் விளக்கம் கொடுத்தார்கள். அந்த ரெண்டு மூணு நாள் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே பதற்றம். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்கள் தூங்கவில்லை. நானெல்லாம் அதற்கு வெகு முன்பே அப்பா பெயரை சர்நேம் ஆக்கிவிட்டேன். ஆபீஸில் என்னைக் கூப்பிடுவது 'மிஸ்டர்' போட்டு அப்பா பெயரில். மதுரையில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குத் தினமும் துபாயிலிருந்து மெயில் போகிற மாதிரி இருக்கும். மகளை அவள் ஸ்கூலில் என் பெயரால் கூப்பிடுகிறார்கள். சாதி போன இடத்தில் அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார், அம்மாவுக்கு அங்கேயும் இடமில்லை என்று மனைவி சொல்வார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

"எந்தத் தெரு?"

இதுவரை சொன்னதைப் படித்தால் ராமானுஜன் சொல்வது எல்லாம் சரி என்று நான் நினைப்பதாகத் தோன்றலாம். அப்படி இல்லை. முதல் தடவை படித்தபோது அந்த அப்பாவை எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது அந்த உள்கட்டு வாசலைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு நுழைந்த வாசல் அது. வெளிநாட்டுக் கணித அறிஞர்களும் சால்வைப் பண்டிதர்களும் அவரைப் பார்க்க வந்தார்கள். அந்த வாசல் பக்கம் வரவே முடியாதவர்கள் யார்? மூளைக்கு ரெண்டு பாகம் என்று சிரிக்கும் வசதி யாருக்கு இருந்தது? மனுவை எடுத்துக்காட்டியவர்தான் ராமானுஜன். மறைக்கவில்லை. ஆனால் ராகமும் திணையும் வாஸ்துவும் வரிசையாக வரும் ஒரு பட்டியலில் மனுவின் தண்டனையும் ஒரு சுவாரசியமான உதாரணமாக உட்கார்ந்துவிடுகிறது. சூத்திரனின் உடம்பில் விழும் அடிக்கும் மாலை நேர ராகத்துக்கும் ஒரே பெயர் கொடுப்பது எனக்கு இடிக்கிறது.

இடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2012-ல் கராமாவில் ஒரு ரூமில் ஐந்து பேர் இருந்தோம். எல்லோரும் தமிழ், எல்லோரும் படித்தவர்கள். ரூம் ஒரு அண்ணாச்சி பெயரில். நல்ல மனிதர், எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஒருவர் ஊருக்குப் போய்விட்டதால் ஒரு கட்டில் காலி. விளம்பரம் பார்த்து ஒரு பையன் வந்தார். விருதுநகர் பக்கம், டிப்ளமா, புதுசாக வேலை கிடைத்திருந்தது. அண்ணாச்சி டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். "ஊரு எது தம்பி?" சொன்னார். "ஊருக்குள்ள எங்கன?" சொன்னார். "எந்தத் தெரு?" அவர் கொஞ்சம் நிறுத்தி, சொன்னார். அண்ணாச்சி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "அடடா, நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாரே, மறந்தே போச்சு" என்றார்.

யாரும் அட்வான்ஸ் கொடுத்திருக்கவில்லை. கட்டில் இன்னும் பத்து நாள் காலியாகத்தான் இருந்தது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், மடியில் லேப்டாப். ரூம் அவர் பெயரில் இருக்கிறது, நமக்கென்ன என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று காலை ஆபீஸில், சம்பளம் பாஸ்போர்ட் பார்த்துக் கொடுக்கிறார்கள், திறமை பார்த்து இல்லை என்று நானும் அதே அண்ணாச்சியும் ஒரு மணி நேரம் புலம்பியிருந்தோம்.

2015-ல் அமீரகத்தில் பாகுபாடு தடுப்புச் சட்டம் வந்தது. அதைப் பற்றிய ஆங்கிலச் செய்தியில் மதம், இனம், நிறம் என்ற வரிசையில் சாதி என்ற சொல்லும் இருந்தது. 2021-ன் தொழிலாளர் சட்டமும் இனம், நிறம், பால், மதம், நாடு பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. காகிதத்தில் சூழல் சாராத விதி. டீ டம்ளரோடு கேட்கப்படும் 'எந்தத் தெரு' என்ற கேள்விவரை எந்தச் சட்டம் வரும்?

2020 ஏப்ரலில் இன்னொன்று பார்த்தோம். இங்கே வேலை பார்த்துக்கொண்டே முஸ்லிம்களை வெறுத்துப் பதிவு போட்ட இந்தியர்கள் சிலருக்கு வேலை போனது. இந்தியத் தூதராக இருந்த பவன் கபூரே, பாகுபாடு நம் பண்புக்கும் சட்டத்துக்கும் எதிரானது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ட்விட்டரில் எழுத வேண்டிவந்தது. அவர்களில் பலர் பகலில் அரபு முதலாளியோடும் பாகிஸ்தானிய டிரைவரோடும் நன்றாகத்தான் பழகியிருப்பார்கள். இப்தாருக்குப் போயிருப்பார்கள். ராத்திரி ஊர் குரூப்பில் வேறு ஆள். அவர்களிடம் கேட்டிருந்தால் அவர்களும் மூளைக்கு ரெண்டு பாகம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கட்டுரை பிடிஎஃப்-ஆக எனக்கு வந்ததும் அதே மாதம்தான். அதனால்தானோ என்னவோ, என்னால் அதை முழுசாக ரசிக்க முடியவில்லை.

ராமானுஜனுக்கு நியாயம் செய்ய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூழல் இறுக்கிப் பிடிக்கும் சமூகத்தின் கனவு சூழலிலிருந்து விடுபடுவதாகத்தான் இருக்கும் என்கிறார். வீடுபேறு, துறவு, பக்தி எல்லாம் அந்தக் கனவு என்கிறார். சாதியையும் கோயிலையும் உதறிய வீரசைவக் கவிஞர்களின் வசனங்களை 1973-ல் மொழிபெயர்த்துப் புத்தகமாகக் கொண்டுவந்ததும் இவரே. பாட்டிகள் சமையலறையில் சொல்லும் கதைகளைப் பண்டிதர்களின் நூலுக்குச் சமமாக வைத்துப் பேசியதும் இவரே.

அதற்குக் கிடைத்த மரியாதையும் நமக்குத் தெரியும். ராமாயணம் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் உண்டு, வால்மீகிக்கும் கம்பனுக்கும் சமண ராமாயணத்துக்கும் தாய்லாந்து ராமாயணத்துக்கும் அகலிகையும் ராவணனும் வேறு வேறு மாதிரி என்று இவர் எழுதிய கட்டுரை 1991-ல் ஒரு தொகுப்பில் வந்தது. தில்லி பல்கலைக்கழக வரலாற்றுப் பாடத்தில் அதை வைத்தார்கள். 2008-ல் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், நிபுணர் குழு போட்டார்கள். நால்வர் குழுவில் மூன்று பேர் கட்டுரையில் தப்பில்லை என்றார்கள். ஆனாலும் 2011 அக்டோபரில் கல்விக் குழு அதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. எழுதியவர் இறந்து 18 வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் கதையை மகளுக்குச் சொன்னேன். ராமரின் மோதிரம் தரையில் ஒரு துளைக்குள் விழுகிறது, அனுமன் குட்டியாகி உள்ளே போகிறான், பாதாளத்தில் ஒரு தட்டு நிறைய ராமரின் மோதிரங்கள். எது உன் ராமருடையது என்று ராஜா கேட்கிறார், அனுமனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ராமரின் காலம் முடியும்போதும் ஒரு மோதிரம் விழும் என்கிறார் ராஜா. மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ டிவில வர்ற ராமர் அதுல எத்தனாவது?" என்றாள். தூக்கம் வருகிறது என்று விளக்கை அணைத்தேன்.

இந்த ஊரில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது இவருடைய இன்னொரு கதை. 1962-ல் சிகாகோ போன புதிதில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் தொடக்கநிலையில் ஏதாவது கிடைக்குமா என்று நூலகத்தின் அடித்தளத்தில் தேடுகிறார். அகப்பட்டது உ.வே.சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த சங்கப் பாடல் தொகுப்பு. தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவருக்கு அதுவரை அந்த உலகமே தெரியாது. தன் மரபுகூடப் பிறப்பால் வந்துவிடாது, சம்பாதித்து மீட்க வேண்டும் என்று பின்னால் எழுதினார். போன நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சியில் நானும் குறுந்தொகை உரை ஒன்று வாங்கினேன். நாற்பது பாட்டு தாண்டவில்லை. பாலைப் பாட்டு வந்தால் மட்டும் ஏசி அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜில் அர்த்தம் சொல்வேன். "நம்ம கதையத்தான்யா எழுதியிருக்கான்" என்று பதில் வரும்.

அண்ணாச்சி இப்போது திருநெல்வேலியில் வீடு கட்டி செட்டில் ஆகிவிட்டார். போன மாசம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். பழைய ரூம் கதையெல்லாம் பேசினோம், யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று. கிளம்பும் நேரத்தில் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். "அப்படி ஒரு பையன் வந்தானா? ஞாபகம் இல்லையே தம்பி" என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை.

எனக்கு இருக்கிறது. நீல கலர் டிராவல் பேக், ஜிப் முழுசாக மூடவில்லை. பிரஷர் குக்கரின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வந்து தங்கிவிடலாம் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே வந்திருந்தார்.